பிக்கோட்டா என்பவர் யாருமில்லை

நண்பா,

பழைய பெட்டியை ஒழிக்கத் திறந்தேன். கார்பன் தாளின் வாடை முகத்தில் அடித்தது. அதிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன்.

அறுபதுகளின் கடைசி. தருமபுரியில் ஒரு வக்கீல் ஆபீஸில் நமக்கு அடுத்தடுத்த மேசை. ஆங்கிலப் பத்திரங்களை நான் தமிழில் எழுதுவேன், நீ டைப் அடிப்பாய். இண்டூரிலிருந்து கணவனை இழந்த ஒரு பெண் வெள்ளைக்காரன் காலத்துப் பத்திரம் ஒன்றைக் கொண்டுவந்தாள். ‘பிக்கோட்டா கிணற்றில் பாதி’ அவள் மாமனாருக்கு என்றிருந்தது. யாரோ துரையின் பேர் என்று நினைத்து, ‘பிக்கோட்டா என்பவரின் கிணறு’ என்று எழுதினேன்.

“இண்டூர்ல துரைக்கு ஏதுடா கிணறு?” என்றாய்.

“அடிடா, நேரமாவுது.”

கிணறே வேறு ஆளுடையது என்று அவள் கொழுந்தன் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு அவளை இறைக்க விடவில்லை. தண்ணீரில்லாமல் அவள் கேழ்வரகு காய்ந்தது.

உனக்குத்தான் பொறுக்கவில்லை. மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்ததும் கோவாவிலிருந்து வந்திருந்த சாமியாரை மறித்துக் கேட்டாய். கப்பலுக்குள் சேரும் தண்ணீரை இறைக்கும் கம்பத்துக்குப் போர்த்துகீசியர் வைத்த பெயராம் அது. நம் கிணற்று ஏற்றத்தைப் பார்த்து அதையே சொல்லியிருக்கிறார்கள். வெள்ளைக்காரனும் அப்படியே எழுதிவிட்டான். நீ இண்டூருக்கே போய் அந்தப் பெண்ணை விசாரித்தாய்.

“ஏத்தம் போட்டுத்தாங்க எங்க மாமனாரு எறச்சாரு. யாரும் கேக்கலியேங்க” என்றாளாம்.

“யார் செஞ்ச தப்பு இது?” என்று வக்கீல் கத்தியபோது என் மகள் பிறந்து பத்து நாள். நான் வாய் திறக்கவில்லை. என்னை ஒருமுறை பார்த்துவிட்டு நீ எழுந்தாய்.

“நான்தான் சார். அடிக்கும்போது மாத்திட்டேன்.”

திருத்தம் தாக்கலாயிற்று. அவளுக்குக் கிணற்றில் பங்கு நிலைத்தது. உனக்கு வேலை போயிற்று.

பல வருஷம் கழித்து மொரப்பூர் ஸ்டேஷனில் பார்த்தோம். மன்னிப்புக் கேட்க நான் திணறினேன். நீயோ, “கப்பல்ல கெடந்த வார்த்தைடா, நம்ம காட்டுக்கு வந்து சேந்துச்சு பாரு!” என்று சிரித்தாய். ரயில் வந்துவிட்டது.

போன மாதம் உன் அடக்கத்தன்று உன் மகள் சொன்னாள்: “ஏதோ தப்பா அடிச்சுத்தான் வேலை போச்சுன்னு அப்பா சொல்வாருங்க.” உன் வீட்டிலும் நீ உண்மையைச் சொல்லவில்லை. அங்கேயும் நான் தலையைத்தான் ஆட்டினேன்.

மடலை உன் பேருக்கு எழுதிவிட்டேன். உறையில் உன் மகளின் விலாசத்தை எழுதப் போகிறேன்.