குதிரையின் இரு காதுகளுக்கு நடுவே

குறிஞ்சாக்கேணி,
கிண்ணியா.
வியாழக்கிழமை.

அன்பின் மச்சான் முனீப் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

அல்லாஹ்வின் கிருபையால் நானும் மகள் அம்ராவும் உங்கள் உம்மாவும் சுகமாக இருக்கிறோம். நீங்களும் சுகம் என்றுதான் ஒவ்வொரு தடவையும் போனில் சொல்கிறீர்கள். போன் இருக்கும்போது இவளுக்கு ஏன் கடிதம் என்று யோசிப்பீர்கள். போனில் கதைத்தால் இந்தப் பக்கம் மாமி காதைக் கொடுத்துக்கொண்டு இருப்பார், அந்தப் பக்கம் உங்கள் அறையில் இருக்கிற எல்லோருக்கும் கேட்கும். பக்கத்து வீட்டு ஸஜ்ஜாத் லீவு முடிந்து நாளைக்குக் கட்டாருக்குத் திரும்புகிறான். நீங்கள் கேட்ட கமராவை அவனிடம் கொடுத்துவிடுகிறேன். பெட்டியைத் திறக்க முதல் இதை வாசியுங்கள்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு நீங்கள் வீடியோவில் வருவதே இல்லை. லைன் சரியில்லை என்கிறீர்கள். அதற்குப் பதிலாக, குதிரை லாயத்தில் கூட வேலை செய்கிறவரின் ஹெல்மெட் கமராவை இரவல் வாங்கிக் குதிரை ஓட்டும் வீடியோக்களை அனுப்பினீர்கள். அதற்கு மட்டும் லைன் எங்கிருந்து வருகிறது என்று நானும் கேட்கவில்லை. ரீமா என்கிற அந்தக் குதிரையின் இரண்டு காதுகள், நடுவில் கொஞ்சம் மணல், தூரத்தில் ஒரு வேலி. இவ்வளவுதான். இருந்தும் அம்ரா அதைப் பார்த்துத்தான் சோறு சாப்பிடுகிறாள். எனக்கும் அந்தக் காதுகள் மனப்பாடமாகிவிட்டன. கட்டின பெண்சாதிக்கு ஒரு முகம் கிடைக்கவில்லை, குதிரைக்கு முழு நாளும் நீங்கள் கிடைக்கிறீர்கள்.

அந்தக் கூட்டாளி வேலை மாறிப் போய்விட்டார், ஊரில் மலிவாக ஒரு கமரா பார், உப்புவெளியில் இருக்கிற நிருபனிடம் கேட்டு எடு, என்ன நடந்தாலும் ஹெல்மெட்டை விட்டுக் கழலாததாக இருக்கவேண்டும் என்று சொன்னீர்கள். எனக்குக் கமராவைப் பற்றி என்ன தெரியும். சரி என்று இறங்கினேன்.

முதலில் திருகோணமலை டவுனில் பெரிய கடைக்குப் போனேன். பெயர் போன கமராவைக் கண்ணாடிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். விலையைக் கேட்டுவிட்டு, தண்ணீர் குடிக்க வந்தவள் போல வெளியே வந்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துப் போன் கடையில் மலிவாக ஒன்று காட்டினார்கள். கடைக்காரர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு வாசல்வரை ஓடி வந்து, படத்தைப் போட்டுக் காட்டினார். கடையே பூமி அதிர்ச்சியில் ஆடுகிற மாதிரி இருந்தது. கூட வந்திருந்த அம்ரா தலை சுற்றுகிறது என்று என் மடியில் சாய்ந்துவிட்டாள். மனிதன் ஓடினதற்கே இப்படி என்றால் குதிரை ஓடினால் என்ன ஆகும் என்று கேட்டேன். அதற்கு அவர், மெதுவாக ஓட்டச் சொல்லுங்க தங்கச்சி என்றார்.

பிறகுதான் உப்புவெளிக்குப் போனேன். உங்களோடு சேர்ந்து வெளிநாட்டுக்காரர்களைக் குதிரையில் ஏற்றிக் கடற்கரையில் கொண்டு திரிந்த உங்கள் பழைய கூட்டாளி நிருபன், இப்போது அந்தத் தொழிலைத் தனியாகச் செய்கிறான். தான் புதிதாக ஒன்று வாங்கியதால் பழைய கமராவை அரைவிலைக்குத் தருவதாகச் சொன்னான். சின்னது, பாரமில்லை, ஆடாமல் படம் பிடிக்கும். கட்டார் வெயிலுக்குத் தாக்குப்பிடிக்குமா என்றுதான் எனக்குப் பயம். வாங்கி வந்த பிறகு உச்சி வெயிலில் நம்முடைய தண்ணீர்த் தொட்டியின் மேல் வைத்து ஓடவிட்டுப் பார்த்தேன். பக்கத்தில் கீரி மீன் காய்ந்துகொண்டிருந்தது. இதையும் கருவாடு போடப் போறியா புள்ள என்று மாமி கேட்டார். கடைசிவரை நிற்காமல் ஓடியது. அதனால் இதையே அனுப்புகிறேன்.

ஆனால் நீங்கள் சொன்ன ஒன்றை நான் கேட்கவில்லை மச்சான். கழலாத பிடி வேண்டும் என்று நிருபனிடம் சொன்னபோது அவன் முகம் மாறிவிட்டது. அப்பிடி இறுக்கிப் பூட்டக்கூடாது அக்கா, விழுந்தா கமரா கழண்டு போகோணும், போகாட்டி அது ஹெல்மெட்டோட சேத்துத் தலையைத்தான் இடிக்கும் என்றான். சொல்லிவிட்டு, நானும் அறிந்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டு, முனீப் அண்ணைக்கு முகத்தில தையல் வெட்டியாச்சோ, வேலி கிழிச்சது கண்ணுக்குக் கிட்ட எண்டெல்லோ சொன்னவர் என்று கேட்டான்.

நான் ஓம், வெட்டியாச்சு என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது. என் புருஷன் விழுந்ததை இன்னொருவரிடம் கேட்டு அறிந்தேன் என்று காட்டிக்கொள்ள மனம் வரவில்லை. அவனைக் கோபிக்காதீர்கள். கமராவையும் விழுந்தால் கழண்டு போகிற பிடியையும் வாங்கிக்கொண்டு கடற்கரை முடிகிற இடம்வரை நடந்து போய், அங்கே யாருக்கும் தெரியாமல் அழுதுவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

எனக்குக் கோபம் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். நான் பயந்துவிடுவேன் என்று மறைத்தீர்களா, அல்லது அந்த முகத்தை நான் பார்க்கக்கூடாது என்று நினைத்தீர்களா. முதலாவது என்றால் மன்னிக்கிறேன். இரண்டாவது என்றால் நேரில் வரும்போது இருக்கிறது உங்களுக்கு.

நேற்று அந்தக் கமராவை என் ஸ்கூட்டி ஹெல்மெட்டில் ஒட்டிக்கொண்டு கிண்ணியாப் பாலத்தில் போய் வந்தேன். பார்க்கிறவர்கள் சிரித்தார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். பாலம், காற்று, இரண்டு பக்கமும் தண்ணீர், தோணிகள், நீங்கள் எப்போதும் தேத்தண்ணீர் குடிக்கிற கடை, எல்லாம் அதில் இருக்கிறது. உங்களுக்காகவே பிடித்தேன், அழிக்காமல் வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தபோது அம்ரா ஒரு கேள்வி கேட்டாள். இதில உம்மா எங்க என்றாள். உம்மாவின் தலையில்தானே கமரா இருந்தது, உம்மா எப்படி இதில் வருவாள் என்று சொன்னேன். அதான் வாப்பாவும் வாறல்ல என்றாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இத்தனை நாளாக நீங்கள் பார்ப்பதையெல்லாம் எங்களுக்குக் காட்டிக்கொண்டு, உங்களை மட்டும் காட்டாமல் இருந்திருக்கிறீர்கள். நல்ல இடமாகத்தான் பார்த்து ஒளித்திருக்கிறீர்கள். மச்சான், எனக்கு உங்களைப் பார்க்கவேண்டும் போல இருக்கிறது. குதிரையின் காதையல்ல, மணலையல்ல. தூங்கி எழும்பினதும் ஒரு பக்கம் வீங்கிக் கிடக்குமே, அந்த முகத்தை.

வேலையை விட்டுவிட்டு வாருங்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். வீட்டுக் கூரைக்காக நீங்கள் படுகிற பாடு எனக்குத் தெரியும், ஆகவே அதை எழுதவில்லை. எழுதவில்லை என்பதற்காக நினைக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளவேண்டாம். மாமிக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியில் கருவாடும் மாமி செய்த தேங்காய்ப்பூ இனிப்பும் இருக்கின்றன. அறையில் உள்ளவர்களுக்கும் கொடுங்கள்.

கமரா கைக்குக் கிடைத்ததும் ரீமாவிடம் கொண்டு போகவேண்டாம். அது காத்திருக்கட்டும், நாங்கள் காத்திருக்கவில்லையா. முதலில் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கமராவை உங்கள் பக்கம் திருப்புங்கள். வெளிச்சத்தில் நில்லுங்கள். தையல் போட்ட பக்கத்தையும் காட்டுங்கள். ஒன்றும் கதைக்கத் தேவையில்லை.

அம்ரா பயப்படுவாள் என்று யோசிக்கவேண்டாம். போன மாதம் சைக்கிளில் இருந்து விழுந்து முழங்காலைக் கிழித்துக்கொண்டாள் அல்லவா, அந்தத் தழும்பை ஊரெல்லாம் காட்டித் திரிகிறாள். வாப்பாவும் விழுந்து எழும்பினவர்தான், அவருக்கும் ஒன்று இருக்கிறது என்று நேற்று இரவு சொல்லிவைத்தேன். எது பெரிது என்று அளந்து பார்க்கவேண்டுமாம். அடிமட்டத்தை எடுத்துத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள்.

ஒவ்வொரு தொழுகையிலும் உங்களுக்காகக் கையேந்துகிறோம். ஏறும்போதும் இறங்கும்போதும் அல்லாஹ் உங்களைத் தாங்கிக்கொள்வானாக. எங்கள் மூன்று பேரின் கண் முன்னால் உங்களைக் கொண்டுவந்து நிறுத்துவானாக, ஆமீன்.

வஸ்ஸலாம்.

உங்கள் பெண்சாதி
பஸ்மியா