பேச்சியின் அளவு

2025 ஜூன் 8, ஞாயிறு

லேபில் எனக்கு லீவு. அறைத்தோழி பேச்சிக்கும் காபி ஷாப்பில் லீவு. காலையிலிருந்து அவள் உடம்பளவுக்கு ஒரு டம்மி செய்தோம். பழைய டீஷர்ட்டைப் போட்டு நிற்கச் சொல்லி, கழுத்திலிருந்து இடுப்பு வரை சில்வர் டேப்பை இறுக்கிச் சுற்றினேன். "மூச்சு முட்டுது ஷீலாக்கா, சீக்கிரம்!" சிரிப்பு வேறு. முதுகில் கத்தரித்துக் கழற்றி, பஞ்சு அடைத்து, கம்பியில் நிறுத்தினால் அப்படியே அவள். தலையும் கையும்தான் இல்லை. இனி அவள் வேலைக்குப் போனாலும் நான் வேஷ உடையை அளவு பார்த்து ஒட்டலாம்.

நவம்பரில் காஸ்பிளே மேளா; கதை ஆட்களைப் போல வேஷம் கட்டி மேடையேற வேண்டும். மற்றவர்கள் சினிமாவிலும் காமிக்ஸிலும் ஆள் தேட, இவள் தன் ஆளைத் தானே உண்டாக்கிவிட்டாள். பெயர் மஞ்சுக்காரி; மஞ்சு என்றால் மூடுபனி. பேச்சி பொன்முடி தேயிலை எஸ்டேட் லைன் வீட்டில் வளர்ந்தவள். மூடுபனிக்குள் ஒரு பெண் நடந்து வந்தால் எப்படியிருக்கும் என்று வரைந்திருக்கிறாள். உடம்பெல்லாம் சாம்பல் நிற இலை. முகமூடியில் கண், மூக்கு, வாய் எதுவும் கிடையாது.

ஜூலை 3

ஃபோம் ஷீட்டில் முந்நூற்றுப் பத்து இலை வெட்டியாச்சு. பேச்சிக்குக் காய்ச்சல். கண் சிவந்திருக்கு, கெண்டைக்கால் வலிக்குதாம். நாளைக்கு ஆஸ்பத்திரி.

ஜூலை 9

எலிக்காய்ச்சல் என்றார்கள். ஐந்தே நாள். பேச்சி போய்விட்டாள்.

ஜூலை 27

ஊரிலிருந்து எங்கள் மணக்காடு அறைக்குத் திரும்பிவிட்டேன். டம்மி அங்கேயேதான் நிற்கிறது. மழை ஈரத்தில் டேப் விட்டு விட்டு 'டிக்' என்கிறது. துணி போட்டு மூடினேன். மூடிய பிறகுதான் அங்கே ஒரு ஆள் நிற்பது போல இருந்தது. எடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 10

டம்மிக்கு ஒரு சட்டை மாட்டி, அதில் இலைகளை ஒட்டத் தொடங்கியிருக்கிறேன். யாருக்காக? தெரியவில்லை. பாதியில் விட மனசு வரவில்லை.

இலையை வளைக்க வைத்த ஹீட் கன்னின் சூடு பட்டதும் அவளுடைய வியர்வை வாசம் வந்தது. உள்ளே அந்த டீஷர்ட் இருக்கிறதே, அதான்.

பழக்கதோஷத்தில், "கொஞ்சம் திரும்புடி" என்றேன். திரும்பியது.

ஃபேன் காத்து. ஃபேன் காத்துதான்.

— ஃபேனை நான் போடவே இல்லை. பசை காயும்போது தூசி படக்கூடாதுன்னு.

செப்டம்பர் 14

பேச்சியின் அம்மா மாடம்மாள், பொன்முடியிலிருந்து வித்துராவில் பஸ் மாறி வந்தாங்க. மகளின் துணிமணிகளை எடுத்துப் போக. உள்ளே ஒரு அடி வைத்ததும் நின்றுவிட்டாங்க. டம்மியை நான் எங்கேயாவது மறைத்து வைத்திருக்கலாம். ஏன் செய்யவில்லை?

கிட்டே போய் அதன் இடுப்பில் இரண்டு கையையும் வைத்தாங்க. "எம் புள்ளை."

பிறகு அதன் நெஞ்சில் காதை வைத்தாங்க. எவ்வளவு நேரம்! மீன்காரர் கூவிக்கொண்டே தெருவைக் கடந்து போனார். இவங்க காதை எடுக்கவில்லை.

"என்னம்மா?"

"பேசாத மோளே. இரு."

கடைசியில் நிமிர்ந்து, இலைச் சட்டையைத் தொட்டுப் பார்த்தாங்க. "இதப் போட்டுட்டு அவ என்ன செஞ்சிருப்பா?"

"மேடையில நடப்பா. எல்லாரும் போட்டோ எடுப்பாங்க."

தன் மேல் வைத்துப் பார்த்தாங்க. தோள், இடுப்பு, உயரம் எல்லாம் கனகச்சிதம். "அப்ப நான் நடக்கேன்."

வேண்டாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்ல நான் யார்?

டம்மியையும் கேட்டாங்க. பெட்ஷீட்டில் சுற்றிக் கொடுத்தேன். குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனாங்க.

நவம்பர் 16

மேளா. ஜூனிலேயே பேச்சி தன் பேரில் பதிந்தது; நான் மாற்றவில்லை.

முகமூடி போடும்வரை மாடம்மாள்தான். போட்டபின் நானே இரண்டடி தள்ளி நின்றேன். பேச்சியோடு காபி ஷாப்பில் வேலை பார்த்த கைலாஷ் ஓடி வந்து என் கையைப் பிடித்தான். 

"ஷீலேச்சி, பேச்சி மரிச்சு போயில்லே? அப்போ அது ஆரா?"

அவ அம்மாடா. அதைச் சொல்ல எனக்கு ஏன் அவ்வளவு நேரமாச்சு?

பெயர் கூப்பிட்டதும் நடுக்கமே இல்லாமல் மேடை ஏறினாங்க. தொகுப்பாளர் மைக்கை நீட்டி, டிரெஸ் யார் செய்தது என்று கேட்டார்.

"நாந்தான். பேச்சி."

அவ குரல். அம்மாவுக்கும் மகளுக்கும் குரல் ஒத்துப்போகும். போகும்ல?

பரிசு ஒன்றுமில்லை. கைதட்டல் மட்டும் நிற்க நேரமானது. பின்னறையில் முகமூடியைக் கழற்றினேன். அழுதிருப்பாங்க என்று நினைத்தேன். இல்லை. ஜூலைக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்துக்கொண்டிருந்தாங்க. அதைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

டிரெஸ்ஸை ஊருக்குக் கொண்டுபோய்விட்டாங்க.

டிசம்பர் 6

எஸ்டேட் லைனில் மாடம்மாளுக்குப் பக்கத்து வீட்டு வேல்சாமி போன் செய்தார். "முத பஸ்ஸு வளைவுல நின்னுட்டும்மா. டிரைவர் வண்டியெடுக்க மாட்டேங்கான். பனிக்குள்ள முகமில்லாம ஒரு பொம்பள நடந்து போறாளாம். மூணு நாளா இதே கத. நீ வந்து அந்தச் சட்டைய வாங்கிட்டுப் போயிரு."

உடனே மாடம்மாளைக் கூப்பிட்டேன். திருப்பிக் கேட்டுவிடுவது என்ற முடிவோடுதான்.

நான் வாய் திறக்கும் முன்பே, "நீயே கூப்பிட்டுட்ட மோளே! தோள்ல ஆறேழு இலை விழுந்துட்டு. எந்தப் பசை வாங்கணும்?"

என்ன ஒரு உற்சாகம் அந்தக் குரலில். செப்டம்பரில் என் அறையில் நின்றவங்களா இவங்க?

"வாங்காதீங்கம்மா," என்றேன். "நாளைக்கு நானே கொண்டு வாரேன்."

பசை டின்னையும் ஹீட் கன்னையும் பையில் வைத்தாயிற்று. மிச்சம் இருபது இலை இருந்தது. அதையும்.