என்னையும் தராசில் ஏற்றினார்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலத்தைத் தேய்த்துக்கொண்டே டாக்டரிடம் போகாமல் நாளைக் கடத்தாதே.

இங்கே நடந்த கூத்தைக் கேள். குழந்தைகளை எடை போட்டு, இளைத்த பிள்ளையின் வீட்டில் போய்ப் பேச ஊர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்தேன் அல்லவா? போன மாதம் குழந்தைகளை எடை போட்டு முடித்ததும் குழுத் தலைவியான மளிகைக்கடை அக்கா, "நர்ஸம்மா, நீங்களும் ஏறுங்க" என்றார். ஏறினேன். பயிற்சியில் ஏறிக் காட்டியதைவிட நாலு கிலோ குறைவு.

"தராசு கெட்டுப்போச்சு போல" என்று மழுப்பினேன்.

"இளைச்ச பிள்ளையோட அம்மா இப்படித்தான் சொல்லுவாங்கன்னு நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க?"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றே முறை போட்டுவிட்டார்கள். இப்போது தினமும் ஒரு வீட்டில் எனக்கு இரவுச் சாப்பாடு. தட்டு காலியாகும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள். அதுவும் நான் சொல்லிக்கொடுத்ததுதான். ஒருத்திக்கு எதற்கு அடுப்பு என்று பிஸ்கட்டோடு படுத்ததெல்லாம் பழைய கதை. உடம்பு தேறிவிட்டது.

அலமாரியில் இருக்கும் என் தட்டை யாரிடமாவது கொடுத்தனுப்பு. இங்கே தட்டுக்குப் பஞ்சமில்லை, சும்மாதான்.

"அங்க அம்மா ஒத்தையா இருக்காங்களே, ராத்திரி சமைக்கிறாங்களா?" என்று அக்கா கேட்டார். அன்று இரவே நம் எதிர்வீட்டு அத்தைக்கு எழுதிவிட்டேன். சாப்பாட்டு நேரத்துக்கு வந்து உன் பக்கத்தில் உட்காருவார்.

தபால் வண்டி வந்துவிட்டது, முடிக்கிறேன். அத்தையிடம் பசியில்லை என்று மழுப்பாதே. அந்த வித்தை எனக்கே உன்னிடமிருந்துதான் வந்தது.

உன் மகள்