லூசியின் காலடிக்கு வந்த பட்டைச் சக்கை

ஆம்பூர், 1931 நவம்பர் 3, செவ்வாய்.

என் சினைக்குதிரை லூசி நாலு நாளாகச் சேற்றில் நிற்கிறாள். ஒரு குளம்பு அழுகத் தொடங்கிவிட்டது. முற்றத்தில் கொட்டச் சரளை கேட்டிருந்தேன். பாலாற்றில் தண்ணீர் வந்துவிட்டதால் வண்டி வரவில்லை.

மாலையில் மாப்பிள்ளை தம் தோல் ஷாப்பிலிருந்து ஒரு வண்டி பட்டைச் சக்கை கொண்டுவந்து கொட்டினார். தோல் பதனிட்டு மிஞ்சிய ஆவாரம்பட்டை. மெத்தென்று இருக்கும், ஈரத்தையும் இழுக்கும். நல்ல யோசனைதான். ஆனால் லூசி அதை விடாமல் நக்கினாள். நான் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுப் பார்த்தேன். ஒரே உப்பு. தோல் கெடாமலிருக்கத் தூவி, பிறகு அதிலிருந்து உதறிய உப்பையும் சேர்த்து வாரியிருக்கிறார்கள். இரவெல்லாம் நக்கினால் மண்ணும் பட்டையும் வயிற்றில் அடைத்து, தாயும் குட்டியும் போய்விடும். கைக்குட்டையில் துப்பினேன்.

"எல்லாத்தையும் வாரச் சொல்லுங்க, மாப்பிள்ளை."

"இன்னா அத்தை, ஆளுங்க எதிர்லயே துப்புறீங்க? என் ஷாப்பு சரக்கு அவ்ளோ கேவலமா?"

"உங்க மானத்தை நாளைக்குப் பேசலாம். குதிரை நாளைக்கு இருக்கணும்."

வாரச் சொன்னார். பிறகு கூட வந்திருந்த என் மகளையும் அழைத்துக்கொண்டு, சாப்பிடாமலே கிளம்பிவிட்டார். அவளும் திரும்பிப் பார்க்கவில்லை.

மழை மறுபடியும் வலுத்துவிட்டது. கூடத்துச் சோபாக்களை ஓரம் தள்ளி வைக்கோல் பரப்பச் சொன்னேன். லூசி தயங்காமல் படியேறி வந்தாள். மாப்பிள்ளை எப்போதும் உட்காரும் இடத்தில்தான் நிற்கிறாள். காலையில் அவர் வந்தால் எங்கே உட்காரவைப்பது?

முதலில் வரட்டும்.