ஜூரென் என்ற சொல்லுக்குள் நின்ற ஆள்

அஹுன்ட்சிக், மொன்றியல்
வைகாசி 4

அன்புள்ள நிரோஜாவுக்கு,

நானும் மகளும் நல்ல சுகம். உம்முடைய ஐயா இடுப்புச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு கோலூன்றி வாசல் கேற்றடி வரை நடக்கிறார் என்று அறிந்தது பெரிய ஆறுதல். அவரை அவசரப்படுத்த வேண்டாம். இங்கே சமையல் எங்கள் இருவருக்கும் முறை. ஆர்த்திகா வைக்கும் பருப்பு என்னுடையதைவிடத் திறம்.

போனில் சொன்னால் பாதியிலேயே அவளைக் கூப்பிட்டுப் புத்தி சொல்லத் தொடங்கிவிடுவீர். அதனால்தான் எழுதி, ஊருக்கு வரும் சிவாஜினி அக்காவிடம் கொடுத்துவிடுகிறேன். முழுவதையும் வாசியும்.

மாசியில் ஆர்த்திகா கூடைப்பந்து அணியை விட்டுவிட்டாள். கூடப் படிக்கும் லின் யூ என்ற சீனப் பிள்ளை விளையாட்டில் இவளை “ஜூரென்” என்று கூப்பிட, மற்றவர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். இராட்சதர் என்று பொருளாம். பதினைந்து வயதில் என்னைவிட ஒரு சாண் உயரம் அவள். அதன் பிறகு பஸ் தரிப்பிடத்தில்கூடத் தோளைச் சுருக்கிக்கொண்டு நின்றாள்.

பிறகு பிரெஞ்சு ஆசிரியை, ஆளுக்கொரு சொல்லின் பிறப்பைத் தேடி வந்து பெற்றோர் முன்னால் பேச வேண்டும் என்றா. மகள் எடுத்தது அதே சொல்லை. வேறை சொல் கிடைக்கேல்லையோ என்று கேட்டேன். “என்னைக் கூப்பிட்ட சொல் அப்பா. அது எங்கையிருந்து வந்ததெண்டு நான்தானே பாக்கவேணும்” என்றாள். சனிக்கிழமைகளில் மெற்றோ பிடித்து டவுன்டவுனுக்குப் போய், நூலகமே கதியென்று கிடந்தாள்.

போன வியாழன் நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். எனக்கே விளங்கும் பிரெஞ்சில் பேசினாள். ரென் என்றால் ஆள், ஜூ என்றால் பெரிய. பழைய வெண்கலப் பாத்திரங்களில் அந்த ஜூ எழுத்து எப்படி இருந்தது என்று பலகையில் வரைந்தாள்: கையை விரித்து நிற்கும் ஒரு மனிதன், கையில் தச்சர்களின் மூலைமட்டம். முதலில் அது அந்தக் கருவியின் பெயர்தானாம். எழுதி எழுதி மனிதன் உதிர்ந்துபோக, கருவி மட்டும் மிஞ்சியது. ‘பெரிய’ என்ற பொருள், ஓசை ஒத்திருந்ததால் பிறகு வந்து ஏறியிருக்கலாம் என்றாள். அதை உறுதியாகச் சொல்லத் தனக்குத் தெரியாது என்றும் சொன்னாள். அந்தத் துணிவு எனக்குப் பிடித்தது.

“இதிலை முதல் நிண்ட ஆள் பயங்கரமானவர் இல்லை, நேராய் நிண்டு அளந்தவர்” என்று முடித்தாள். (தமிழில் எனக்காகத் திரும்பச் சொன்னது.) லின் யூ எழும்பி, தன் வீட்டில் மிகப் பெரிய சாதனையாளரையும் ஜூரென் என்பார்கள், தன் பந்தை இவள் தடுத்தபோது வியந்துதான் அப்படிக் கத்தியது, மற்றவர்கள் பகிடி பண்ணியபோது வாயை மூடிக்கொண்டிருந்தது பிழை என்று சொன்னது. மகள் திரும்பவும் கூடைப்பந்துக்குப் போகிறாள்; இப்போது இருவரும் ஒரே அணியில்.

வீட்டுக்கு வரும் வழியில்தான் கேட்டாள்: “அம்மா ஏனப்பா எப்பவும் என்னைக் குனிஞ்சு நட எண்டுறவா?”

நான் சொல்லிவிட்டேன் நிரோஜா. அப்போது ஊரில் ஆமிக் காவலரண் வரிசையில் உம்முடைய பிருந்தன் அண்ணையின் தலை மட்டும் எல்லாருக்கும் மேலே தெரிந்ததை. அவரைத் தனியே கூப்பிட்டதை, அவர் பிறகு திரும்பி வராததை. நீர் அவருக்குப் பின்னால் நின்றதை. உம்மைக் கேட்காமல் சொன்னதற்குக் கோபம் என்றால் என்னோடு கோபியும்.

பிறகு, “மாமா என்ன உயரம்?” என்றாள். உன்னளவுதான் என்றேன். பஸ் சீற்றில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ஆனி முதல் கிழமை நீர் இங்கே வந்திறங்கும்போது விமான நிலையத்துக்கு இருவரும் வருவோம். கூட்டத்துக்குள் அவளைத் தேட வேண்டியிருக்காது, தூரத்திலேயே தெரிவாள். அதைக் கண்டு உமக்கு நெஞ்சு பதறினால், அவளிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். வந்து என் கையைப் பிடித்துக்கொள்ளும்.

என்றும் உம்முடைய,
ஸ்ரீதரன்