இடப்பக்க வகிடு

என்னங்க,

நீங்களும் பாப்பாவும் சுகம்தானே? உங்கள் முட்டிவலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன்.

போன மாதம், நான் வேலைக்கு வந்த இந்த ஊரில், ஒரு பண்ணையில் பசு ஒன்று எச்சில் ஒழுக இடப்பக்கமாகவே சுற்றிச் சுற்றி வந்தது. "தொண்டையில ஏதோ அடைச்சிருக்கு டாக்டரம்மா" என்றார் பண்ணைக்காரர். நானும் கையுறை போடாமல் அதன் வாய்க்குள் கையை விட்டுவிட்டேன். வெறிநோயாக இருந்தால் என்ன கதி என்று பிறகுதான் தோன்றியது. பதறாதீர்கள், உடனே ஊசி போட்டுக்கொண்டேன். அப்புறம் நிதானமாக முகத்தைப் பார்த்தால், இடது காதும் இடது இமையும் மட்டும் தொங்கின. தீவனக் குழியைத் திறக்கச் சொன்னேன். மூடிவைத்த புல் கெட்டுப்போய்க் கிடந்தது. அதிலிருந்து லிஸ்டீரியா கிருமி மூளைக்கு ஏறியிருக்க வேண்டும் என்று அதற்கான மருந்தைப் போட்டேன். இப்போது நேராக நடக்கிறது.

ஒருபக்க முகத்தைப் பார்த்தே நோயைச் சொல்பவளுக்கு நீங்கள் அனுப்பிய போட்டோ போதாதா? பாப்பாவின் வகிடு இடப்பக்கம் போயிருக்கிறது. நான் நடுவில்தான் எடுப்பேன். உங்களுக்குப் பின்னவே வராது. இடப்பக்கம் வகிடெடுப்பது உங்கள் அக்காதான்; ஆக, அவர்தான் வந்து பின்னிவிடுகிறார். "அவளே சீவிக்கிறா" என்று போனில் ஏன் புளுகினீர்கள்? பின்னல் அழகாக வேறு இருக்கிறது. அதுதான் வயிற்றெரிச்சல். என்னிடம் ஒரு நிமிஷம் உட்காராதவள், அண்ணியிடம் மட்டும் எப்படி அசையாமல் உட்கார்ந்தாள்?

பண்ணைக்குப் போக வண்டி வந்துவிட்டது. இரண்டு பருத்திச் சட்டை அனுப்புங்கள். கூடவே பாப்பாவுக்குச் சீவும் அந்தப் பச்சைச் சீப்பையும். அண்ணிக்கு வேறு வாங்கிக் கொடுங்கள். சீப்பைக் கழுவ வேண்டாம், பல்லில் சுற்றியிருக்கும் அவள் முடி அப்படியே இருக்கட்டும்.