ஹெல்மெட் போட்ட கழுதை

என் மொபெட் மூன்று நாளாக ஒர்க் ஷாப்பில் கிடக்கிறது. அதனால் ரொம்ப நாளைக்குப் பிறகு இன்று காலை காரிமங்கலத்தில் தர்மபுரி பஸ் ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்த பெண், பஸ் கிளம்பியதும் கைப்பையைத் திறந்து தலைவலித் தைலத்தை எடுத்து நெற்றிப் பொட்டில் தேய்த்தாள். அந்த வாடை மூக்கில் ஏறியதுதான் தாமதம், நான் அவள் பக்கம் திரும்பி, "சரி சொல்லு, இன்னைக்கு என்ன வந்துச்சு?" என்று கேட்டுவிட்டேன். அவள் பயந்துபோய்ப் பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். தர்மபுரி வரைக்கும் என் பக்கம் திரும்பவே இல்லை.

தப்பு உன்னுடையது. பதினோரு வருடம் ஒரே பஸ், ஒரே சீட்டு, ஒரே தைலம். நீ வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்ட், நான் ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவு. ஜன்னலோரம் உனக்கு. பஸ் ஊரைத் தாண்டுவதற்குள் நீ உன் கனவைச் சொல்லி முடித்துவிடுவாய். அப்புறம் என் தோளில் சாய்ந்து ஒரு தூக்கம். அடுத்த கனவுக்குப் போகிறாய் என்று நினைத்துக்கொள்வேன்.

"இன்னைக்கு ஒரு எருமை, புள்ள" என்று ஒரு நாள் ஆரம்பித்தாய். அந்த எருமை கண்ணாடி போட்டுக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் உட்கார்ந்து, வருகிற மனுவையெல்லாம் வாங்கி சீல் குத்துகிறதாம். பாதி மனுவைத் தின்றும் விடுகிறதாம்.

"இதுக்கு என்ன அர்த்தம்?" என்றேன்.

"அர்த்தத்த வுடு. என்னா வந்துச்சுன்னு பாக்கக் கூடாது. அது எந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இருந்துச்சுன்னு பாக்கணும்."

எருமை கிருஷ்ணகிரியைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. அந்த வருடம் உன் மகளைக் கிருஷ்ணகிரியில் காலேஜில் சேர்த்தாய். இன்னொரு தடவை, தொப்பூர் கணவாயில் ஒரு பூசணிக்காய் லாரிகளை முந்திக்கொண்டு உருண்டு வந்தது என்று சொல்லி, சேலத்தில் நடந்த சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போகாமல் இருந்துவிட்டாய். அந்தக் கல்யாணத்தில் சாப்பிட்ட அத்தனை பேருக்கும் வயிற்றுப்போக்கு. அதற்கப்புறம் உன்னைக் கையில் பிடிக்க முடியவில்லை. முன் சீட்டுக்காரர்கள் எல்லாரும் பின்னால் திரும்பி உட்கார்ந்து தங்கள் கனவைச் சொல்ல ஆரம்பித்தார்கள். கண்டக்டர் ஒரு நாள் பொறுமை இழந்து, "கனவு சொல்றவங்கல்லாம் மொதல்ல சில்லறைய எடுத்துக் கையில வச்சிக்கிங்க" என்று கத்தினார். மறுநாள் அவரே குனிந்து, "டிரான்ஸ்பர் கேட்டிருக்கேனுங்க, நேத்து ஒரு முதலை வந்துச்சு" என்றார்.

எனக்குக் கனவு வராது. கட்டை மாதிரி விழுந்து கட்டை மாதிரி எழுந்திருக்கிறவள். இதை நான் கொஞ்சம் வெட்கத்தோடுதான் உன்னிடம் சொன்னேன். நீ பரிதாபப்படுவாய் என்று பார்த்தால், லாட்டரி விழுந்தவள் மாதிரி குதூகலித்தாய்.

"ரொம்ப நல்லதாப் போச்சு! கண்ண மூடு. மொதல்ல என்னா வருதோ அதச் சொல்லு. யோசிக்கக் கூடாது."

மூடினேன். வந்தது. சொல்லக் கூச்சமாக இருந்தது.

"கழுதை."

"என்னா பண்ணுது?"

"சும்மா நிக்குது. ஹெல்மெட் போட்டிருக்கு."

"எந்தப் பக்கம் பாக்குது?"

"எனக்கு முதுகக் காட்டிக்கிட்டு நிக்குது."

"உம்மேல கோவமா இருக்குது" என்று தீர்ப்புச் சொன்னாய். "நாளைக்கும் பாப்போம்."

உனக்குக் கலெக்டர் எருமை, எனக்குக் கழுதையா என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. மறுநாள் மயிலை வரவழைத்துவிடுவது என்று முடிவுகட்டிக் கண்ணை மூடினேன். அதே கழுதை. "மயில் வந்துருக்கு" என்று பொய் சொன்னேன். "அப்பிடியா? அது தலையில என்னா இருக்குது?" என்று சட்டென்று கேட்டாய். "ஹெல்மெட்" என்று வாய் உளறிவிட்டது. நீ சிரித்த சிரிப்பில் கண்டக்டர் விசில் ஊத மறந்தார்.

வீட்டில் சொன்னதும் என் வீட்டுக்காரர் தட்டிலிருந்த களியை உருட்டாமல் என்னையே பார்த்தார். "கழுதைன்னு என்னத்தான சொல்ற?" என்றார். ரொம்ப நேரம் யோசித்தார். "எங்கிட்ட ஹெல்மெட்டே கெடையாதே. அப்ப நான் இல்ல" என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு சாப்பிட்டு முடித்தார்.

சிரித்துக்கொண்டுதான் போனோம். ஆனால் நான் எதற்குத் தினமும் கண்ணை மூடினேன் என்பது உனக்குத் தெரியும். கடையில் உட்காரக் கூடாது. காலையிலிருந்து கடை மூடுகிற வரை நின்றபடியே சேலையைப் பிரித்துப் போட்டு, மடித்து வைத்து, மறுபடி பிரித்து. என் குதிகால் தரையில் பட்டாலே முள் குத்துகிற மாதிரி வலிக்கும். சூப்பர்வைசர், முடியாதவர்கள் குடோனுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார். வேலையை விட வேண்டும் என்று மூன்று வருடமாக நினைப்பு. விட்டுவிட்டு எங்கே போவது? எங்கள் மானாவாரிக் காடோ மழையைப் பார்த்துக்கொண்டிருந்தது, என் வீட்டுக்காரர் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னிடம் இருந்ததெல்லாம் முதுகைக் காட்டும் ஒரு கழுதைதான்.

அது ஆடி மாதம், தள்ளுபடிக் கூட்டம். வத்தல்மலையிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். இரண்டு உள்பாவாடை, பேரனுக்கு ஒரு பள்ளிக்கூடச் சட்டை. அவ்வளவுதான். கூட்டத்தில் மதியம் வரை நின்று, அளவு கிடைக்காமல், கடைசியில் ஒரு பாவாடையோடு கிளம்பினார். "ஒரு பாவாடைக்கு ஒரு நாளே போவுதுங்க. மேல கொண்டாந்து குடுக்க ஒருத்தரும் இல்ல" என்றார். திட்டக்கூட இல்லை, விவரமாகச் சொன்னார். நான் கையிலிருந்த சேலையோடு அப்படியே நின்றேன். கண்ணை மூடவே இல்லை. கழுதை மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. அதன் இரண்டு பக்கமும் துணிமூட்டை தொங்கியது.

மறுநாள் பஸ்ஸில் சொன்னேன். நீ என் கையைக் கிள்ளி, "திரும்பிருச்சா!" என்று கூவினாய். டிரைவர் பிரேக் அடித்தார். எல்லாரும் முன்சீட்டுக் கம்பியில் முட்டிக்கொண்டோம். "என்னா திரும்புச்சு, யாருக்கு என்ன ஆச்சு?" என்று கண்டக்டர் ஓடி வந்தார்.

"இவ கழுத திரும்பிருச்சுங்க" என்றாய், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

தீபாவளி முடிந்ததும் வேலையை விட்டேன். "கழுத சொல்லுச்சுன்னு வேலைய வுட்ட ஆளு உலகத்துலயே நீ ஒருத்திதான்" என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொன்னார். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எனக்கும் பயம்தான். முதல் தடவை மலைக்குத் துணி விற்கப் போனபோது, ஞாயிற்றுக்கிழமை என்பதால் நீயும் வந்தாய். மொபெட்டில் இரண்டு பக்கமும் மூட்டையைக் கட்டி, நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். என் வீட்டுக்காரர் வெளியே வந்தார். என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அப்படியே படியில் உட்கார்ந்து, இருமல் வரும் வரை சிரித்தார். ஒரு வாரத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "பாத்துப் போ, கழுத" என்பதுதான்.

வண்டி இரண்டு பேரையும் மூட்டையையும் இழுக்கவில்லை. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் நீ இறங்கி நடந்தாய். நான் மேலே போய்க் காத்திருப்பேன். நீ மூச்சு வாங்க வந்து ஏறி உட்கார்ந்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "வந்துருச்சா? வந்துருச்சா?" என்பாய். மேலே போய்ச் சேர்ந்தோம். பதினோரு வருடம் சேலை விற்றவளுக்கு, யாருமே கடைக்கு வராமல் நாமே அவர்கள் வாசலில் நிற்கும்போது என்ன பேசுவதென்று தெரியவில்லை. நீதான் ஒரு நைட்டியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, உன் ஆபீஸ் குரலில் ஆரம்பித்தாய். "மேற்படி நைட்டியானது எவ்வித வில்லங்கமும், அடமானமும், வாரிசுத் தாவாவும் இல்லாதது. சாயம் போகும் பட்சத்தில் விற்பவரே முழுப் பொறுப்பு." பெண்கள் சுற்றி நின்று சிரித்தார்கள். அன்றைக்கு மூட்டை பாதியாகக் குறைந்தது.

இரண்டு வருடம் கழித்து ஒரு பங்குனியில் நீ போனாய். காலையில் பஸ்ஸுக்குப் புடவை கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை என்றார்கள். நான் மலையில் இருந்தேன். அங்கே ஒரே ஒரு பாறைமேல் நின்றால்தான் போன் எடுக்கும். செய்தி தெரிந்து இறங்கி வருவதற்குள் உன்னைக் கொண்டுபோயிருந்தார்கள்.

பதினாறாம் நாள்தான் உன் வீட்டுக்குள் முதல் தடவை கால் வைத்தேன். அத்தனை வருடத்தில் நீ ஒரு நாளும் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை. பின்னால் ஒரு சின்ன அறையில் உன் மாமியார் படுத்தபடி இருந்தார். உன் வீட்டுக்காரர் பேச்சின் நடுவே எழுந்து போய், தன் அம்மாவை மறுபக்கம் திருப்பிப் படுக்க வைத்துவிட்டு வந்தார்.

"பதிமூணு வருசமா இப்பிடித்தானுங்க" என்றார். "ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் போடணும், இல்லன்னா முதுவு புண்ணாயிடும். ராத்திரியெல்லாம் அவதான். நான் செய்றன்னாலும் வுட மாட்டா. தூங்கி நான் பாத்ததில்லீங்க."

"அவளுக்கு நிறையக் கனவு வருமேங்க?" என்றேன்.

"கனவா? அதுக்கு மொதல்ல தூங்கணுமில்லீங்களா?"

"அப்ப அந்த எருமை?"

"எந்த எருமைங்க?"

கண்ணாடி, சீல், கிருஷ்ணகிரி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "பாப்பாவக் காலேஜுக்கு அனுப்பக் கூடாதுன்னு எங்கம்மா ஒரே புடியா நின்னுச்சுங்க. மருமவ சொன்னா கேக்காது. கனவுல வந்துச்சுன்னா கேக்கும்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துக்க வீட்டில், அத்தனை பேர் நடுவில், அடக்க அடக்கப் பொங்கி வந்தது. உங்கள் சொந்தக்காரப் பெண்கள் எனக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று பயந்து முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். நல்லவேளை. அதற்குப் பிறகு அழுததற்குக் கணக்குக் கேட்க ஆளில்லை.

எனக்குக் கனவு வராது என்றதும் நீ ஏன் அவ்வளவு சந்தோஷப்பட்டாய் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. உனக்கும் துணைக்கு ஓர் ஆள் கிடைத்திருக்கிறது. அதைச் சொல்லித் தொலைத்திருக்கலாம் நீ.

போன வாரம் மலையில் ஒருத்தி, என் வயதுதான் இருக்கும், துணியை எடுத்து எடுத்துப் பார்த்தாளே தவிர வாங்கவில்லை. தர்மபுரியில் இருக்கும் அக்கா, தையல் வேலைக்கு வா, கூடத் தங்கிக்கொள் என்று கூப்பிடுகிறாளாம். போவதா வேண்டாமா என்று ஆறு மாதமாகப் புரியவில்லை. "சாமிகிட்ட கேட்டுப் படுக்கிறேனுங்க. ஒரு கனவும் வர மாட்டேங்குது" என்றாள்.

நான் மூட்டையைக் கட்டுவதை நிறுத்திவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். வாழ்நாளில் ஒரு கனவும் கண்டறியாத நான் சொன்னேன்: "எனக்கு நேத்து ஒண்ணு வந்துச்சுங்க. ஒரு ஆட்டுக்கல்லு. பட்டுச்சேலை கட்டிக்கிட்டு, கையில பை வச்சிக்கிட்டு, ரோட்டோரமா பஸ்ஸுக்கு நிக்குது."

அவள் சிரிக்கவில்லை. கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"எந்த ஊரு பஸ்ஸுக்குங்க?" என்றாள்.